நிலம் விற்ற கல்லும் கொலை தேடும் வாசகரும்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டை 1920இல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். அவ்வாண்டுப் பட்டியலில் அதன் எண் 577. அது ஒரு நில விற்பனை ஆவணம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்து மகாசபை, அரசன் அனுப்பிய ஆணைப்படி, சிலருடைய நிலத்தை விற்கிறது. வியாழ கஜமல்லப் பல்லவரையன் என்ற அதிகாரி அதை வாங்கி, கோயிலில் தண்ணீர் வைக்கவும் பிராமணர்களுக்கு உணவளிக்கவும் அறமாக எழுதிவைக்கிறான். இந்த அளவில் சோழநாட்டுக் கோயில்களில் இப்படிப்பட்ட ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. நிலம் யாருடையது, ஏன் விற்பனைக்கு வந்தது என்று விளக்கும் இடத்தில் வரும் சில சொற்கள்தாம் இதைத் தனித்து நிறுத்துகின்றன. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது.

இந்தக் கரிகாலன், அதாவது இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலன், கொல்லப்பட்டான் என்பதற்கு நாம் காட்டும் நேரடிச் சான்று இதுதான். நாடறிந்த ஒரு அரசியல் கொலை, அது நடந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து, நிலத்தின் முன்வரலாறு சொல்லும் வாக்கியத்துக்குள் ஒரு துணைச் செய்தியாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறவருக்கு இது புரியும். நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம் கேட்பார், வில்லங்கம் பார்ப்பார். துரோகிகளின் உறவினர் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கும் அதே கவலை இருந்திருக்கும். நாளை யாரேனும் வந்து இது எங்கள் பாட்டன் சொத்து என்று கேட்டால், அது முறைப்படி அரசாணையால் பறிக்கப்பட்டு விற்கப்பட்டது என்று காட்டியாக வேண்டும். கல்லில் கொலை இடம்பெற்றது அதற்காகத்தான். பின்னால் வரும் தலைமுறைக்குச் சோழர் வரலாறு சொல்வது அந்தச் சபையாரின் நோக்கமல்ல.

பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளோக் சான்றுகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 1944இல் ஜெர்மானியர்களால் சுட்டுக்கொல்லப்பட்ட அவர், ஆக்கிரமிப்புக் காலத்தில் எழுதி முடிக்காமல் விட்ட நூல் 1949இல் வெளிவந்தது. பிறர் படிக்க வேண்டும் என்று திட்டமிட்டு எழுதிவைத்த சான்று ஒரு வகை. தன்னையறியாமல் சாட்சி சொல்லும் சான்று மற்றொரு வகை. இரண்டாவதைத்தான் வரலாற்றறிஞர் அதிகம் நம்புகிறார். அது பொய்யே சொல்லாது என்பதல்ல காரணம். நாம் கேட்கும் கேள்வி அதற்குத் தெரியாது, அதனால் நமக்கென்று ஒரு பொய்யை அது தயாரித்து வைத்திருக்க முடியாது. உடையார்குடிக் கல் இரண்டாவது வகை. முதல் வகைக்கு எடுத்துக்காட்டும் இதே கதையில் இருக்கிறது.

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டு ஆணையைக் கொண்டவை. பெரும் வளையத்தில் கோத்த 31 ஏடுகள். ஆணை 6ஆம் ஆண்டுக்குரியது என்றாலும் அதன் வடமொழிப் பகுதி கங்கைப் படையெடுப்பையும் கடாரத்தையும் பாடுகிறது. ஆகவே அப்பகுதி சில ஆண்டுகள் கழித்தே இயற்றப்பட்டிருக்க வேண்டும். அதில் ஆதித்தன் பாண்டியனைப் போரில் வென்று கொன்றான் என்று வருகிறது. பிறகு, அவன் வானுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கொலை, சதி, துரோகி எதுவும் இல்லை. அடுத்து, கலியின் இருளைப் போக்க, பின்னாளில் இராசராசனான அருண்மொழிவர்மனே அரசாள வேண்டும் என்று மக்கள் வேண்டினார்களாம். தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை அரசுரிமையை மனத்தாலும் நினைக்க அவன் மறுத்தானாம். மதுராந்தகன் என்ற உத்தம சோழன் முடிசூடுகிறான், அருண்மொழி இளவரசனாகிறான்.

இந்த வரிகளை எழுதியவர் இராசேந்திரனின் அவைக்களப் புலவர். கேட்பவர்களும் அந்த அவையினரே. இராசேந்திரனின் தந்தை அரசுரிமையில் ஏன் இரண்டாவதாக வந்தார் என்பதை அந்த அவைக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கம் தியாகமாக வந்தது. பெரியப்பன் வெட்டுண்டு செத்தான் என்பதை அந்த இடத்தில் சொல்வது யாருக்கும் உவப்பாக இருந்திருக்காது. செப்பேடு மட்டுமே கிடைத்து உடையார்குடிக் கல் உடைந்துபோயிருந்தால், கரிகாலன் கொலை என்ற ஒன்று நம் வரலாற்றில் இருந்திருக்காது. நடந்த கொலை நடந்ததுதான். ஆனால் அதைப் பேச நமக்கு வழி இருந்திருக்காது. நிகழ்ந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் எந்த எழுத்திலும் ஒட்டாமல் போயிருக்கும்.

கல் கிடைத்துவிட்டால் மட்டும் வரலாறு கையில் வந்துவிடுமா? இந்தக் கல்வெட்டில் இராசராசன் என்ற பெயர் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோராசகேசரிவர்மரின் 2ஆம் ஆண்டு என்றுதான் அது தொடங்குகிறது. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். சுந்தர சோழன் இராசகேசரி, ஆதித்தன் பரகேசரி, உத்தமன் பரகேசரி, இராசராசன் இராசகேசரி. சுந்தர சோழனின் 2ஆம் ஆண்டாக இருக்க முடியாது. அப்போது ஆதித்தன் பாண்டியன் தலையைக் கொள்ளவுமில்லை, கொல்லப்படவுமில்லை. ஆதித்தனின் சாவுக்குப் பின் வந்த இராசகேசரி என்றால் இராசராசன்தான் பொருந்துகிறான். அவன் 985இல் ஆட்சிக்கு வந்தவன், ஆகவே கல்லின் காலம் 986-87. இந்தக் கணக்கில் கல் கொடுத்தது ஒரு பட்டமும் ஒரு எண்ணும்தான். மீதி முழுவதும் வேறு நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்களின் உழைப்பு. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு என்று பாடநூலில் நாம் படிக்கும் எளிய வாக்கியத்துக்குள் இவ்வளவு ஊகமும் உண்டு. ஊகம் என்பதாலேயே அது பலவீனமானதாகிவிடாது. ஒரு நல்ல ஊகம் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதற்கு இது சான்று.

இதே வழியில் இன்னொரு படி ஏறியவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருடைய சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1935இலும் 1937இலும் இரு தொகுதிகளாக வந்தது. செப்பேட்டையும் கல்லையும் அவர் அருகருகே வைத்தார். செப்பேடு உத்தமனுக்கு நாட்டாசை இருந்தது என்கிறது. கொலை நடந்தது சுமார் 969இல். உத்தமனின் ஆட்சி 985 வரை. கொலைகாரர்களின் சொத்து விற்கப்படுவதை முதன்முதலாக நாம் காண்பது இராசராசன் வந்த பிறகு. அப்படியானால் உத்தமன் ஆண்ட அந்தப் பதினைந்து ஆண்டுகள் ஏன் எதுவும் நடக்கவில்லை? கொலைப் பழியிலிருந்து உத்தமனை விடுவிப்பது கடினம் என்ற முடிவுக்குச் சாஸ்திரி வந்தார்.

தர்க்கம் கூர்மையானது, படிக்கும்போது மறுக்கத் தோன்றாது. ஆனால் அது நிற்கும் தரை கல் சொன்னதல்ல, கல் சொல்லாதது. உடையார்குடிக் கல் நிலம் கைமாறிய நாளைச் சொல்கிறது. குற்றம் விசாரிக்கப்பட்ட நாளையோ, தண்டனை விதிக்கப்பட்ட நாளையோ, துரோகிகள் பிடிபட்ட நாளையோ சொல்லவில்லை. முக்கியக் குற்றவாளிகளின் சொந்த நிலம் முன்பே போயிருக்கலாம். கல்வெட்டில் உள்ள உறவுப் பட்டியலைப் பார்த்தால் இந்த ஐயம் வலுக்கிறது. துரோகிகளோடு நிற்காமல் அவர்களின் தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று ஆணை நீள்கிறது. ஒரு ஊரின் கல்யாண உறவுகளை முழுக்கத் தெரிந்துவைத்திருந்தவர்கள் எழுதியது போலிருக்கிறது. விற்கப்படுவதாகச் சொல்லப்படும் நிலம் ரேவதாச கிரமவித்தன், அவன் மகன், அவன் தாய் ஆகியோருடையது. கொலைகாரர்களாகப் பெயர் குறிக்கப்பட்ட மூவரில் இவன் இல்லை. இது பல ஆண்டுகள் நடந்த ஒரு நடவடிக்கையின் கடைசிச் சுற்றா, புது அரசன் புதிதாகத் தொடங்கிய பழிவாங்கலா? இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சான்றை ஒன்றுக்கு மட்டும் உரியதாக்கக் கூடாது. சாஸ்திரியைப் போன்ற நிதானமானவர் இங்கே ஒரு படி அதிகம் ஏறிவிட்டார் என்பதே என் கணிப்பு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் சாஸ்திரியின் முடிவை ஏற்கவில்லை. அவருடைய பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949இல் தமிழில் வந்தது. ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், பன்னாட்டு ஆய்வாளர்கள் முன்னால் பேசுகிறார். மற்றவர் தமிழில் எழுதுகிறார். அவர் முன்னால் இருப்பவர்கள் உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி கட்டிய கோயில்களில் இன்றும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள். சிவனடியாரான கண்டராதித்தருக்கும் அந்த அம்மைக்கும் பிறந்த மகன் கொலைக்கு உடந்தை என்று அந்த வாசகரிடம் சொல்வது வேறு வகைச் செயல். பண்டாரத்தாரின் மறுப்பை வாசகர் மனநிலையால் மட்டும் விளக்குவது அநியாயம். அவருக்குச் சொல்ல வலுவான காரணங்கள் இருந்தன. உத்தமன் கொலைக்கு உடந்தை என்றால் இராசராசன் அந்தக் குடும்பத்தை நடத்திய விதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? உத்தமனின் மகனாகக் கருதப்படும் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் காலத்தில் கோயில் நிர்வாகங்களை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தான். செம்பியன் மாதேவியின் திருப்பணிகள் அந்த ஆட்சியிலும் தொடர்ந்தன. இராசராசனின் மகன் இராசேந்திரனுக்கே இயற்பெயர் மதுராந்தகன். அண்ணனைக் கொன்றவன் பெயரைத் தன் மகனுக்கு வைப்பானா என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. மதுரைக்கு எமன் என்ற பொருளுடைய அந்தப் பட்டத்தைப் பாண்டியனை வென்ற எந்தச் சோழனும் சூடலாம் என்ற எதிர்வாதமும் இருக்கிறது.

இருவரும் படித்தது அதே கல்தான். ஒருவர்கூட அதில் இல்லாததைச் சேர்த்து எழுதவில்லை. ஆனாலும் இரண்டு உத்தம சோழர்கள் வந்துவிட்டார்கள். இதைக் காட்டி, வரலாறு எல்லாமே எழுதுகிறவர் கட்டுவதுதான், யாருக்கு எது பிடிக்கிறதோ அதுவே உண்மை என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கடந்த அரை நூற்றாண்டில் அது ஒரு மோஸ்தராகவும் ஆனது. நான் அதை ஏற்க மாட்டேன். ஜெர்மன் வரலாற்றறிஞர் ரைன்ஹார்ட் கோசெலெக் சொன்னது இந்த இடத்துக்கு மிகவும் பொருந்தும்: என்ன எழுத வேண்டும் என்று சான்றுகள் நமக்குச் சொல்வதில்லை, எதை எழுதக் கூடாது என்று தடுக்கும் உரிமை மட்டும் அவற்றுக்கு உண்டு. உத்தமன் குற்றவாளி என்று எழுதலாம், குற்றமற்றவன் என்றும் எழுதலாம். ஆதித்தன் நோயால் இறந்தான் என்று எழுத முடியாது. கொன்றவர்களில் முதன்மையானோர் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற அதிகாரிகள் அல்லர் என்று எழுத முடியாது. இருவர் சண்டைக்குள்ளும் அசையாமல் நிற்கும் இந்தச் சில செய்திகள்தாம் கடந்தகாலம் நம் எழுத்தின்மேல் செலுத்தும் அதிகாரம். அது குறுகியது, ஆனால் உண்மையானது.

நாவலாசிரியர் கல்கி வருவது இந்த இடத்தில்தான். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வந்தது. சாஸ்திரியின் நூலும் பண்டாரத்தாரின் நூலும் அவருக்கு முன்னால் இருந்தன. கதை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. உடையார்குடிக் கல் இருப்பதும் அந்த ஏரி பாயும் ஊரில்தான். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கொலைக்குப் பின் நிலம் பறிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் கரையிலேயே அவர் தம் நாயகனைக் குதிரையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

கல்லில் மூன்று பெயர்கள் இருந்தன. ரவிதாசனைக் கல்கி மந்திரவாதியாக்கினார், ஆதித்தன் கொன்ற வீரபாண்டியனின் ஆபத்துதவிகளில் ஒருவனாக்கினார். கல்லில் உள்ள ரவிதாசனோ சோழ அரசில் பட்டம் பெற்ற அதிகாரி. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர் என்பதால், பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் பாண்டியத் தொடர்பைக் காட்டுகிறது என்று வாதிடுவோர் உண்டு. கல்கி பிடித்த நூல் அதுதான். ஆனால் பாண்டியநாட்டை வென்ற சோழர்களும் தம் அதிகாரிகளுக்குப் பஞ்சவன் பெயரில் பட்டம் கொடுக்கக்கூடும். கூட இருப்பவனின் பட்டம் இருமுடிச்சோழ பிரமாதிராசன்; அதில் பாண்டியன் எங்கே? கொலைக்கான காரணத்தைக் கல் சொல்லவே இல்லை. காரணம் இல்லாமல் வாரத் தொடர் எழுத முடியாது. நந்தினி என்ற பாத்திரம் பிறந்தது அந்தத் தேவையிலிருந்துதான். கொலை நடந்த இடமாகக் கடம்பூர் மாளிகை வந்ததும் நாவலின் தேவைக்காகவே. கரிகாலன் எங்கே இறந்தான் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. தமிழ் வாசகர்களிடம் கேட்டால் கடம்பூர் என்று தயங்காமல் சொல்வார்கள்.

கல்கி செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. ஆய்வாளர்கள் இருவர் ஒரு மனிதனைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். செப்பேடு சொன்ன நாட்டாசை பிடித்த மதுராந்தகன் ஒருபுறம். செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த சிவபக்தி நிறைந்த உத்தமன் மறுபுறம். கல்கி அந்த ஒரு மனிதனை இரண்டாகப் பிளந்தார். அரண்மனையில் வளர்ந்து அரியணைக்கு ஏங்கும் மதுராந்தகன் வேறு யாரோ பெற்ற பிள்ளை என்றும், பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதனே உண்மையான மகன் என்றும் கதையைத் திருப்பினார். சாஸ்திரியும் பண்டாரத்தாரும் சொன்ன இரண்டு உத்தமர்களும் நாவலில் இருக்கிறார்கள், தனித்தனி உடல்களில். வரலாற்றறிஞர் செய்யக் கூடாததை நாவலாசிரியர் செய்தார். ஆனால் அந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அவர் பல ஆய்வாளர்களைவிடத் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்.

இத்தனை சுதந்திரம் எடுத்துக்கொண்டவர், கொன்றது யார் என்ற இடத்தில் கையை இழுத்துக்கொண்டார். கடம்பூர் இருட்டறையில் பலருக்கும் நோக்கம் இருக்கிறது, பலரும் அருகில் இருக்கிறார்கள், கத்தியை வீசிய கை யாருடையது என்பது கலங்கலாகவே விடப்படுகிறது. தொடர் முடிந்தபோது வாசகர்கள் விடவில்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேள்வி மேல் கேள்வி வந்ததால் அவர் தனியாக முடிவுரை எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். ஐந்தாம் பாகத்தின் பெயர் ‘தியாகச் சிகரம்’. முடியை விட்டுக்கொடுத்த அருண்மொழி என்ற செய்தியை 11ஆம் நூற்றாண்டில் ஒரு அவைப் புலவர் தம் அரசனுக்காகச் செதுக்கினார். 1954இல் அது ஏராளமான வீடுகளில் கண்ணீரோடு படிக்கப்பட்டது. சோழ அரசவையின் விளம்பரம் இவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்று அந்தப் புலவரே நினைத்திருக்க மாட்டார். உடையார்குடிக் கல்லால் அந்தத் தியாகத்தைத் தடுக்க முடியவில்லை. அதைப் பற்றி அது பேசவே இல்லை.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஆர். ஜி. காலிங்வுட், வரலாற்றறிஞர் எப்படி வேலை செய்கிறார் என்று விளக்கத் தாமே ஒரு துப்பறியும் கதையைப் புனைந்தார். ‘வரலாறு என்னும் கருத்து’ என்ற பொருளில் தலைப்பிட்ட, அக்கதை இடம்பெறும் நூல் அவர் இறந்த பின் 1946இல் வந்தது. ஒரு பொருள் தானாகச் சான்றாவதில்லை, சரியான கேள்வி ஒன்று அதை நோக்கி வைக்கப்படும்போதுதான் சான்றாகிறது என்பது அவர் வாதம். உடையார்குடி விஷயத்தில் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கேள்வி எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். கொலை செய்தது யார் என்ற கேள்விக்குக் கல் பதில் சொல்லிவிட்டது. மூன்று பெயர் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் நாம் அதையே கேட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம், நாம் உண்மையில் கேட்பது பின்னால் இருந்தது யார் என்று. அது கல்கியின் வாசகர் கேட்கும் கேள்வி. துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்துக்கு முன் ஒரு பெயர் வந்தே தீரும். கல்வெட்டுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது.

கல்கியின் நாவலைத் தழுவிய மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தபோது இந்தக் கல் மறுபடியும் கைக்குக் கை மாறியது. கொன்றவர்கள் பிராமணர்கள் என்று ஒரு தரப்பு அதை எடுத்து வீசியது. பிராமணர் என்பதால் உயிரோடு விட்டார்கள், இராசராசன் மனுநீதிக்குப் பணிந்தான் என்று இன்னொரு விளக்கம் சுற்றியது. இல்லை, அவர்கள் பாண்டியநாட்டு ஒற்றர்கள், சாதியை இழுக்காதீர்கள் என்றார்கள் மற்றும் சிலர். பிரமாதிராசன் என்பது பிராமண அதிகாரிகளுக்குத் தரப்பட்ட பட்டம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. நிலத்தை விற்ற சபையாரும் பிராமணர்கள், அரசாணையைக் கொண்டுவந்து மேற்பார்த்தவர்களின் பெயர்களும் அவ்வாறே, அறத்தின் பயனை உண்டவர்களும் அவர்களே. ஒரு சமூகம் மற்றொன்றின் மேல் நடத்திய சதியாக இதைப் படிக்கப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கல் வசதியான துணையல்ல. உயிரோடு விட்டார்கள் என்ற வாதமும் மௌனத்திலிருந்து பிறந்ததே. கல் சொத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. அந்த மூவரும் அப்போது எங்கே, இருந்தார்களா என்று சொல்லவில்லை. சாஸ்திரி மௌனத்தை வைத்து உத்தமனைக் கூண்டில் ஏற்றினார். நம் காலத்துச் சமூக ஊடகம் அதே மௌனத்தை வைத்து இராசராசனை ஏற்றுகிறது. சாஸ்திரி தம் வாதத்தின் படிகளை வரிசையாக எழுதிவைத்தார், அதனால் எந்தப் படி வழுக்குகிறது என்று நம்மால் காட்ட முடிகிறது. பகிரப்படும் படத்துணுக்கில் அந்த வசதி இல்லை.

வாசகர்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாவலைப் படித்து, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள அனந்தீஸ்வரர் கோயில் வரை போய், சுவரில் அந்த எழுத்தைத் தேடி நிற்பவர்களை மதிக்கத்தான் வேண்டும். பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தமிழோடு கிரந்த எழுத்தும் கலந்து வரும் 10ஆம் நூற்றாண்டு எழுத்து அது. அந்தச் சுவருக்கும் அவர்களுக்கும் நடுவே சாஸ்திரி, பண்டாரத்தார், குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றோரின் எழுத்துகள் இல்லாவிட்டால் அவர்கள் காண்பது வெறும் கீறல்கள்தாம். இந்தக் கல்வெட்டை வரிவரியாக எடுத்து மீளாய்வு செய்து தமிழில் எழுதியவர்களுள் குடவாயிலார் முக்கியமானவர். கல்லைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கும் ஆர்வத்தில் ஒரு பங்கு கல்கிக்குச் சேர வேண்டியது என்பதையும் ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளலாம். உத்தமன் குற்றவாளியா என்ற கேள்வி பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் அடிக்குறிப்பாகச் சுருங்கியிருக்கும்.

சாஸ்திரியின் வாதத்தை உடைக்கவோ உறுதிப்படுத்தவோ கூடிய சான்று எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தையோ அதை அடுத்த ஊர்களையோ சேர்ந்த ஒரு ஆவணம், பரகேசரிவர்மரின் 3, 5, 8 என்று ஏதோ ஒரு ஆட்சியாண்டில், அதாவது உத்தமன் காலத்தில், சோமன் நிலத்தையோ ரவிதாசன் மனையையோ துரோகிகள் சொத்தாக விற்றதாகச் சொன்னால், பதினைந்தாண்டு மௌனம் என்ற தூண் சாய்ந்துவிடும். மாறாக உத்தமன் காலத்தில் ரவிதாசன் பிரமாதிராசன் என்ற பட்டத்தோடே ஒரு தானத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட்டிருப்பதாக ஒரு கல் கிடைத்தால், உத்தமனைக் காப்பாற்றுவது பண்டாரத்தாருக்கும் கடினமாகிவிடும். ஆண்டறிக்கைகளில் ஓரிரு வரிச் சுருக்கத்தோடு நின்றுபோய், முழு வாசகம் அச்சேறாமல் கிடக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். மைசூரில் வைக்கப்பட்டிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அந்தப் படிகளைப் பிரித்து, ஊர்வாரியாக அடுக்கி, நிலம் விற்றவர் பெயர்களையும் எல்லை குறிக்கும் பெயர்களையும் ஒன்றுவிடாமல் எழுதிவைக்க ஆள் வேண்டும். கொலையைத் தேடாமல், விற்பனைப் பத்திரமாகவே அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது.